எண்ணூர்ப் பிரச்சினை கோட்டைக்குள் போகும் வழி: சட்டமன்றத்தின் கொள்கை ஆய்வைப் பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பகுதியில் உள்ள உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மீனவக் குப்பங்களில் இருந்தவர்கள் இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஆட்சியர் அலுவலகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் உடனடியாக ஏதோ ஒரு வகையில் செயல்பட்டன. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை அதன் பிறகு கூடியது 2024 பிப்ரவரி 12 அன்று. ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழித்துக் கூடும் ஓர் அவையால் என்ன பயன் என்று திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

விபத்துக்கு ஓடி வருவது சட்டமன்றத்தின் வேலையன்று. அரசு எந்தக் கொள்கையை வகுத்தது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியது, ஒதுக்கியதைச் செலவிட்டதா, அவையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா என்று கணக்குக் கேட்பதே அதன் வேலை. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அந்த வேலையின் மிகச் சிறிய, பெரும்பாலும் மிகச் சத்தமான பகுதி. மீதி, அவையில் வைக்கப்படும் ஏடுகளிலும் குழு அறைகளிலும் நடக்கிறது. ஒரு வடசென்னைவாசி தம் பகுதிப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பாதை முழுவதையும் எவ்வாறு பின்தொடரலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: இது யாருடைய அதிகாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அரசமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. வடசென்னையில் இந்த மூன்றும் ஒரே தெருவில் மோதிக்கொள்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராசர் துறைமுகமும் பெருந்துறைமுகங்கள் என்பதால் மத்திய அரசுக்கு உட்பட்டவை. அவற்றுக்கு அருகிலேயே இருக்கும் காட்டுப்பள்ளி பெருந்துறைமுகம் அன்று என்பதால் மாநிலத்தின் கடல்சார் வாரியத்தின் கீழ் வருகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலை மத்தியப் பொதுத்துறை நிறுவனம். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் மின் உற்பத்தி நிறுவனத்துடையது. ரயில்வே கேட் மத்திய அரசைச் சேர்ந்தது, தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது.

ஆகவே, "அந்த ஆலை ஏன் இப்படிச் செய்தது?" என்ற கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்பினால், அது மத்திய அரசின் நிறுவனம் என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடக்கூடும். "அந்த ஆலைக்கு இயக்க இசைவாணை வழங்கிய மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை ஆய்வு செய்தது, என்ன கண்டறிந்தது, என்ன நடவடிக்கை எடுத்தது?" என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை என்றாலும், அவற்றைக் களத்தில் செயல்படுத்துவது மாநில வாரியமே. கேள்வியை மாநிலத்தின் பொறுப்பில் கொண்டுவந்து நிறுத்துவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம்.

தொகுதி எல்லையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர் திருவொற்றியூர் தொகுதியில் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் அத்திப்பட்டும் காட்டுப்பள்ளியும் பொன்னேரி. இரண்டு உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வருவது நம்மிடம் வழக்கமாகக் காணப்படும் குறை.

இரண்டாம் படி: அவையின் நாட்காட்டி

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது என்பது அரசமைப்பின் 174ஆம் பிரிவு. பொதுவாக ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுநர் உரை, பிறகு நிதிநிலை அறிக்கை, அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது), இடையில் ஒரு குறுகிய கூட்டத்தொடர் என ஆண்டு நகர்கிறது. எந்தப் பொருள் எந்த நாளில் வரும் என்பதைப் பேரவைத் தலைவர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. உங்கள் துறைக்கான மானியக் கோரிக்கை நாள் எது என்பது அந்த நிரலில் தெரிந்துவிடும். உறுப்பினரைச் சந்திக்க வேண்டுமானால் அந்த நாளுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே சந்தித்துவிட வேண்டும். அன்று காலையில் போய் மனு கொடுப்பதில் பொருளில்லை.

நாட்கள் எவ்வளவு குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள். 2024இல் மக்களவைத் தேர்தல் குறுக்கிட்டதால் மானியக் கோரிக்கைகள் ஜூன் 20 முதல் 29 வரையிலான நாட்களுக்குள் அடங்கின. அந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய நாள் வெளிவந்த கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகள் அவையின் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டன, முதன்மை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 26ஆம் தேதி கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் துயரத்தை அவை பேசாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அதே நாட்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் நிறைவேறின என்பதும் உண்மை.

மூன்றாம் படி: வினாவும் விடையும்

அவை கூடியதும் முதலில் வருவது வினா நேரம். 2022 ஜனவரி முதல் இது நேரலையாகவும் ஒளிபரப்பாகிறது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடையளிப்பார், உறுப்பினர்கள் துணை வினாக்கள் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் விடை வரும். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் எழுத்து விடையே மேல்; அமைச்சரிடமிருந்து ஒரு வாக்குறுதி வேண்டுமென்றால் வாய்மொழி விடை.

நம் அவையில் வினாக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருகின்றன. "தண்டையார்பேட்டையில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்று வினா இருக்கும். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று விடை வரும். துணை வினாவில் உறுப்பினர் தொகுதியின் பெருமையைச் சொல்லி, முதலமைச்சருக்கு நன்றி சொல்லி, இன்னும் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்து வைப்பார். "நிதிநிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் அமர்ந்துவிடுவார். இதில் கோரிக்கை இருக்கிறது, ஆய்வு எங்கே இருக்கிறது? புதிதாக ஒன்றைக் கேட்பதைவிட, ஏற்கெனவே அறிவித்த ஒன்றின் கணக்கைக் கேட்பதே அரசைக் கண்காணிக்கும் வினா என்பது என் கருத்து.

எனவே உங்கள் உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தரும்போது, எந்த ஆண்டு, எந்த அறிவிப்பு, எந்த அரசாணை, ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, பணி எந்த நிலையில், எப்போது முடியும் என்ற வரிசையில் அரைப் பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். கட்சி எதுவாயினும் பரவாயில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் இத்தகைய வினாவைத் தயங்காமல் கேட்பார், ஏனென்றால் பணி முடிந்தால் அவருக்கும் நல்ல பெயர்.

அவசரப் பொருளாயின் கவன ஈர்ப்புத் தீர்மானம் என்றொரு வழி உண்டு. உறுப்பினர் அமைச்சரின் கவனத்தை ஈர்க்க, அமைச்சர் விளக்கமான அறிக்கை அளிப்பார். வினா நேரத்துக்குப் பின் வரும் நேரமில்லா நேரத்தில் எழுப்புவதும் உண்டு. ஆனால் அதற்கு அன்றே முழுமையான பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேரவை விதிகளில் 110ஆம் விதியின்கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ படிக்கும் அறிக்கை வேறு வகை. அதன்மீது அப்போது விவாதம் கிடையாது. பெரிய திட்டங்கள் பல இந்த வழியில்தான் அறிவிக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்தால், அறிவிப்பின் அளவுக்கும் ஆய்வின் அளவுக்கும் இடையே உள்ள தூரம் புரியும்.

ஒரு சிறு எச்சரிக்கை. அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்கள் பதிவில் இருப்பதில்லை. செய்தித்தாளில் வந்ததை நம்பி மேற்கோள் காட்டாமல், பேரவையின் இணையதளத்தில் ஏற்றப்படும் நடவடிக்கைக் குறிப்பையே பார்த்து எழுதுங்கள்.

நான்காம் படி: பணத்தைப் பின்தொடருங்கள்

கொள்கை ஆய்வின் உயிர்நிலை இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகப் போவோம். நிதிநிலை அறிக்கை உரை ஒரு மணிநேரத்துக்கும் மேல் நீளும். அதில் நம் பகுதிக்கு ஒரு பத்தி இருந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி. ஆனால் உரையில் சொல்லப்படும் தொகை சட்டப்படியான ஒதுக்கீடு ஆகாது. துறைவாரியான மானியக் கோரிக்கைகளைப் பேரவை வாக்களித்து ஏற்று, அதன் அடிப்படையில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறிய பின்னரே அரசு கருவூலத்திலிருந்து பணத்தை எடுக்க முடியும்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 20 அன்று படிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாயில் இத்திட்டம் செயல்படுத்தப்படும் என்றது. 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் நடந்த தொடக்க விழாவில் சொல்லப்பட்ட தொகை 4,181 கோடி. ஓராண்டில் நான்கு மடங்கு என்று கைதட்டுவதற்கு முன், இரண்டாவது தொகை பல துறைகளின் பணிகளைச் சேர்த்துச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியானால் அதை ஒரே மானியக் கோரிக்கைக்குள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின்கீழ் வரும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பணி ஓரிடத்தில் இருக்கும். குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் செய்வது நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கோரிக்கையில் இருக்கும். அந்தந்தத் துறைகள் ஏற்கெனவே செய்யவிருந்த பணிகள் எத்தனை இதற்குள் வந்தன, முழுக்கப் புதிதாகச் சேர்ந்தவை எத்தனை என்பதுதான் அவையில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி.

இதற்கு இரண்டு ஏடுகள் போதும். ஒன்று, மானியக் கோரிக்கை நாளன்று ஒவ்வொரு துறையும் அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. இது தமிழிலும் கிடைக்கும், அரசு இணையதளத்திலும் ஏறும். புத்தகத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால் அலுப்புத் தட்டிவிடும். இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் பகுதியின் பெயர் வரும் பத்திகளை மட்டும் ஒப்பிடுங்கள். போன ஆண்டு "பணிகள் நடைபெற்று வருகின்றன" என்று இருந்தது இந்த ஆண்டும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறதா? போன ஆண்டு இருந்த ஒரு பணி இந்த ஆண்டு ஓசையின்றி மறைந்துவிட்டதா? மறைந்த பத்திதான் பெரும்பாலும் நல்ல வினாவைத் தருகிறது.

இரண்டாவது ஏடு, அந்தத் துறையின் வரவு செலவுத் திட்டப் புத்தகம். அதில் ஒவ்வொரு செலவினத்துக்கும் நேராக முந்தைய ஆண்டுகளின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு எனப் பத்திகள் இருக்கும். மதிப்பீடு பெரிதாகவும் திருத்த மதிப்பீடு சிறிதாகவும் இருந்தால், ஒதுக்கிய பணம் அந்த ஆண்டில் பயன்படவில்லை என்று பொருள். அடுத்த ஆண்டுக்கு மீண்டும் அதே பெரிய தொகை போட்டிருந்தால், அறிவிப்பு மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

மானியக் கோரிக்கையின்மீது எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானங்கள் கொடுப்பார்கள். அரசுக்குப் பெரும்பான்மை இருக்கும்வரை அவை வெல்லா. இருந்தாலும், கோரிக்கைத் தொகையைக் குறைக்கச் சொல்வதன் மூலம் ஒரு குறிப்பிட்ட குறையைப் பதிவில் ஏற்ற அது வழி செய்கிறது. அமைச்சர் பதிலுரையின் முடிவில் புதிய அறிவிப்புகளை வரிசையாகப் படிப்பார். அந்தப் பட்டியலைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அறிவிப்பு அரசாணையாக வெளிவந்ததா என்பதைச் சில மாதங்கள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஐந்தாம் படி: சட்டமுன்வடிவு வரும்போது

இங்கேதான் நம் அவையின் ஆய்வு மிகவும் மெலிந்திருக்கிறது. தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த முன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று, அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், தொழிற்சங்கங்களோடு பேசிய பிறகு, அரசு அதை நிறுத்தி வைத்தது; மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களின் வாழ்நாளைத் தொடும் ஒரு சட்டம் அவைக்குள் எளிதாகக் கடந்து, அவைக்கு வெளியே பத்து நாளில் விழுந்தது. சங்கங்களை முன்பே அழைத்துக் கேட்டிருந்தால் இந்தச் சுற்றே தேவைப்பட்டிருக்காது.

வேறு அவைகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. கேரளச் சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரியான பொருட்குழுக்கள் இருக்கின்றன, அவை சட்டமுன்வடிவுகளையும் மானியக் கோரிக்கைகளையும் ஆராய்கின்றன. நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் வந்தன. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரிட்டன் நாடாளுமன்றத்திடமிருந்து அதிகாரப் பகிர்வு பெற்று 1999இல் கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் 129 பேர்தாம். நம் 234இல் பாதியை ஒட்டியவர்கள். நம்மைப் போலவே அதற்கும் மேலவை இல்லை. அந்தக் குறையைக் குழுக்கள் ஈடு செய்கின்றன: பொதுவாக ஒரு சட்டமுன்வடிவு வந்தவுடன் பொறுப்புக் குழு பொதுமக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்கும், பாதிக்கப்படுவோரையும் வல்லுநர்களையும் அமைச்சரையும் எதிரில் அமர்த்தி வினவும், அறிக்கை அளிக்கும். அதன் பிறகே அடிப்படைக் கோட்பாடுகளின்மீது அவை வாக்களிக்கும். அடுத்த கட்டத்தில் பிரிவு பிரிவாகத் திருத்தங்கள், கடைசியாக முழு அவையில் இறுதி விவாதம். நம் பேரவை மேலவையை 1986இல் இழந்த பிறகும் துறைவாரிக் குழுக்களை அமைத்துக்கொள்ளவில்லை. ஒரு சட்டமுன்வடிவை ஆராய்வதற்கென்றே உறுப்பினர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் வழி விதிகளில் இருக்கிறது, அரிதாகவே பயன்படுகிறது.

ஆகவே, சட்டமுன்வடிவு அறிமுகமாகும் நாளிலேயே அதன் நோக்கக் காரண விளக்கவுரையைப் படித்துவிட்டு, அன்றே உறுப்பினர்களிடம் பேசிவிட வேண்டும். காத்திருக்க நாள் இருக்காது.

ஆறாம் படி: குழுக்கள்

பேரவைக் குழுக்கள் கட்சி வேறுபாடு சற்றுத் தணிந்து வேலை செய்யும் இடங்கள். அமைச்சர் அவையில் "செய்யப்படும்" என்று சொன்ன ஒவ்வொன்றும் உறுதிமொழியாகக் குறிக்கப்பட்டு அரசு உறுதிமொழிக் குழுவின் பார்வைக்கு வருகிறது. துறை அதை நிறைவேற்றியதா, ஏன் தாமதம் என்று குழு கேட்கும், மாவட்டங்களுக்கு நேரில் போயும் பார்க்கும். மூன்றாம் படியில் நல்ல வினாவுக்கு வாய்மொழி விடை பெற்றிருந்தால், அதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. மின் உற்பத்தி நிறுவனம் போன்றவற்றைப் பொது நிறுவனங்கள் குழு ஆராய்கிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைப்பும் சாம்பல் குட்டை நிர்வாகமும் கணக்கு விவகாரமாக மாறுவது அங்கேதான்.

பொதுக் கணக்குக் குழு, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளை எடுத்துக்கொள்கிறது. நாடாளுமன்றத்தில் 1967 முதல் அதன் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தரும் மரபு இருக்கிறது. இந்த வழியில் ஆழம் அதிகம், வேகம் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறப்பு முதல் ஆக்கிரமிப்புகள்வரை அரசின் தவறுகளை அது விரிவாகச் சொன்னது. ஆனால் அதற்குள் வெள்ளக் கோடு சுவரிலிருந்தே அழிந்துவிட்டிருந்தது. அறிக்கையை இத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று அரசமைப்பின் 151ஆம் பிரிவு காலவரம்பு விதிக்கவில்லை.

பொதுமக்கள் நேரடியாக நுழையக்கூடிய வாசல் மனுக்கள் குழு. மாவட்டத்துக்கு வருவதற்கு முன் ஆட்சியர் வழியாகச் செய்திக்குறிப்பு வரும், மனுக்களுக்குக் கடைசி நாளும் குறிக்கப்படும். மனுவைத் தமிழில், தேதியிட்டுக் கையெழுத்திட்டு, கேட்கும் எண்ணிக்கையில் நகல்களோடு, மனுக்கள் குழுத் தலைவர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும். நிபந்தனைகளைக் கவனியுங்கள். நெடுங்காலமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்தது. தனிநபர் குறை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, கடன், அலுவலர்மீது புகார் ஆகியவை கூடா. நீதிமன்றத்தில் வழக்காக உள்ள பொருளும் கூடாது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் இடறும். எண்ணூர்ச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனவை என்பதால், "எண்ணூரைக் காப்பாற்றுங்கள்" என்ற தலைப்பில் பத்துப் பக்கம் எழுதினால் மனு நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். பிரச்சினையை உடைத்து எழுதுங்கள். குப்பத்துக்கு வெளியேறும் சாலை இல்லாதது நெடுஞ்சாலைத் துறைக்கோ மாநகராட்சிக்கோ ஒரு மனு. நச்சு வாயு கசிந்தால் எச்சரிக்க ஒலிப்பான் இல்லாதது தொழிலகப் பாதுகாப்புக்கு ஒரு மனு. மூச்சுக் கோளாறுக்கு அருகில் சிகிச்சை வசதி இல்லாதது மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு மனு. வலை கிழிந்து, முகத்துவாரம் தூர்ந்து, பிடிப்புக் குறைந்தது மீன்வளத் துறைக்கு ஒரு மனு. ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர், எந்த ஆண்டிலிருந்து, முன்பு யாரிடம் கொடுத்த மனுவுக்கு என்ன பதில் வந்தது, முடிந்தால் அமைச்சர் அவையில் சொன்ன விடையின் தேதி ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு நகலைத் தொகுதி உறுப்பினருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அலுவலகத்தில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.